காணொளி நிற்கலாம், பேச்சு நிற்கக் கூடாது

ஊடாடு காணொளி என்றாலே ஏதோ பெரிய தொழில்நுட்பம்னு நினைக்கிறோம். உண்மையில், எந்த நொடியில் என்ன நடக்க வேண்டும் என்ற கட்டளைதான் அது. முன்பு விண்டோஸ் மீடியா கோப்புக்குள்ளேயே கட்டளைகளைச் செருகினார்கள். இன்று வெப்விடிடி என்ற தனி எழுத்துக்கோப்பில் நேரத்தையும் கட்டளையையும் எழுதலாம். காணொளியைத் தொடவே வேண்டாம்.

கருவி நல்லதுதான். நாம் கேட்கும் கேள்விதான் இடிக்கிறது. கிளமெண்டி உணவங்காடி நிலையத்தில் முதியவர் ஒருவர் தட்டைத் தூக்கத் தடுமாறும் காட்சி என்று வைத்துக்கொள்வோம். காணொளி நிற்கிறது: "அவர் கையில் இருப்பது என்ன?" நான்கு விடை, ஒரு சொடுக்கு. இதில் பேச்சு எங்கே?

சாதாரண நிலை வாய்மொழித் தேர்வில் காணொளி தானாக நின்று கேள்வி கேட்பதில்லை. மாணவர்தான் பார்த்ததைக் கோவையாக்கித் தேர்வாளரிடம் பேசணும். சொடுக்கியே பழகிய பிள்ளை அங்கே ஒரு வரியோடு நின்றுவிடும்.

ஆகவே, முதல்முறை காணொளி முழுவதும் ஓடட்டும். மறுமுறை 2 இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். "நீ அங்கிருந்தால் என்ன செய்வாய்? ஏன்?" என்று கேட்டு, பதிலைக் குரலாகப் பதியச் சொல்லுங்கள். மாணவர்களே, "ஏன்" என்பதற்குக் குறைந்தது 3 வாக்கியம் பேசிப் பாருங்கள்.