காயும் பட்டையும்

கடுக்காய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் நாக்கு வறண்டு சுருங்கும். எச்சிலில் உள்ள புரதத்தைத் துவர்ப்பொருள் பிடித்துக்கொள்வதால் வரும் வறட்சி அது. தோல் பதனிடும் ஷாப்புக் குழியில் நடப்பதும் இதுவேதான். அங்கே பிடிபடுவது தோலின் கொலாஜன். பிடிபட்ட தோல் அழுகாது.

கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் சேகரிக்கும் காட்டுப்பொருள்களில் கடுக்காயும் ஒன்று. காயின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு துவர்ப்பொருள். மரத்தை வெட்டாமல், பட்டை உரிக்காமல் கிடைக்கிறதே, அதைத்தான் இதன் முதல் சிறப்பாகச் சொல்வேன்.

துவர்ப்பொருளுக்காக உரிக்கும் பட்டைக்கு அந்தப் பெருமை கிடையாது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு வட்டாரத்தில் உருவாகி, புவிசார் குறியீடும் பெற்ற 'ஈஸ்ட் இந்தியா' தோலுக்கு ஆவாரம்பட்டைதான் முதலில் ஆதாரம். ஆவாரையில் பதனிட்ட தோல் வெளிச்சத்தில் சிவந்துவிடும். அதை மட்டுப்படுத்தக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பின்னாளில் ஆவாரையின் இடத்துக்கு வாட்டில் பட்டை வந்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நட்ட அந்த ஆஸ்திரேலிய மரம் சோலைகளை ஒட்டிய புல்வெளிகளை விழுங்கிவிட்டது. 'இயற்கைத் தோல்' என்று பை விற்பவர்கள் இதைப் பேசுவதில்லை.

பட்டைக்குப் போட்டியாகத் தோல் பதனிட வந்த குரோமியத்தை நான் தாங்கிப் பேசவில்லை. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுமேடு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று அந்த ஊர்க்காரரைக் கேட்டால் போதும். ஆனாலும் குரோமியம் சும்மா வெல்லவில்லை. பட்டைக் குழியில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டிய தோல் குரோமியத்தில் ஓரிரு நாளில் பதமாகிவிடும், மெல்லியதாக, மிருதுவாக வரும், கொதிநீரையும் தாங்கும். செருப்பின் அடித்தோல், சேணம், பெல்ட் ஆகியவற்றுக்குப் பட்டைத் தோலின் விறைப்பும் கனமும் நல்லது, கையுறைக்கு ஆகாது.

இன்னொன்று, பட்டையா குரோமியமா என்ற வழக்குக்கு முன்பே உப்பு வந்துவிடுகிறது. பச்சைத்தோல் கெடாதிருக்க அள்ளிப் பூசும் உப்பு, எந்த முறையில் பதனிட்டாலும் கழிவுநீரில்தான் போய்ச் சேரும். பாலாற்றங்கரையும் திண்டுக்கல்லும் உவர்ந்துபோனதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. துவர்க் குழியின் கரிய தண்ணீரும் எளிதில் மட்காது. நுண்ணுயிரிகளே அதைத் தொடத் தயங்கும்.

ஆகவே பட்டைத் தோலுக்கு நான் கொடுப்பது பாதி மதிப்பெண். கடுக்காய்க்குக் கூடுதலாகக் கொடுப்பேன், அவசரத்தில் கிளையை முறிக்காமல் உதிர்ந்த காயைப் பொறுக்கியிருந்தால். கல்வராயன் மலைச் சரிவில் அதைப் பொறுக்கியவருக்குக் கிலோவுக்கு எவ்வளவு போனது என்றும் அந்த 'இயற்கைத் தோல்' பையின் விலைச்சீட்டில் ஒரு வரி போடட்டும், நானே வாங்கிக்கொள்கிறேன்.