மூராவின் கொப்பியும் முற்போக்காளரும்

பிள்ளைகளுக்குப் பேய்க்கதை கூறலாமா என்னும் வினா ஆசிரியர்கள் கூடுமிடங்களில் அடிக்கடி எழுவதொன்று. பகுத்தறிவின் பக்கம் நிற்போர் கூடாதென்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். மூடநம்பிக்கையை வேரறுக்கப் புறப்பட்டவர்கள் தம் வீட்டுத் திண்ணையிலேயே பேயை வளர்க்கலாமா என்பது அவர்தம் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் வினாவிலேயே ஒரு குறை உண்டு. கூறுபவர் பெரியவர், கேட்பவர் சிறியவர் என்று அது முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. தந்தையோ தாயோ பிள்ளையுடன் கூடியிருந்து, இருவருமாக ஒரு பயங்கரத்தைப் புனையும்போது நிகழ்வது யாது? அவ்வேளையில் அச்சம் யாருடைய உடைமையாகிறது? இதனை ஆராய்வதற்கு ருஷ்ய எழுத்தாளர் கோர்னேய் சுகோவ்ஸ்கியின் வாழ்விலும் எழுத்திலும் கிடைக்கும் சான்றுகளைக் காட்டிலும் பொருத்தமானவை எனக்குத் தென்படவில்லை. அவற்றோடு முற்போக்காளராகிய எமக்கு நேரிடையாக உரிய ஒரு வழக்கும் பிணைந்து கிடக்கிறது.

சுகோவ்ஸ்கி (1882–1969) செல்வக் குடியிலே வளர்ந்தவரல்லர். ஒடெஸ்ஸா நகரில், துணி வெளுத்துப் பிள்ளைகளைக் காத்த தாயொருத்தியிடம் வளர்ந்தவர். தந்தையின் பெயரைச் சட்டப்படி பெறாதவர். பாடசாலையிலிருந்து இடையில் விலக்கப்பட்டவர். ஆங்கிலத்தைத் தாமே கற்றுத் தேர்ந்தவர். புரட்சிக்கு முன்னரே விமரிசகராகப் பெயர் பெற்றுவிட்ட இவர், உழவர் துயர் பாடிய நெக்ராசோவின் கவிதைகளைத் தேடித் திரட்டிப் பதிப்பித்தார். எனினும் சோவியத் நாட்டு வீடுகளில் அவர் பெயர் நிலைத்தது குழந்தைகளுக்கான செய்யுட் கதைகளாலேயே. அவருக்குப் பிள்ளைகள் நால்வர். கடைக்குட்டி மரீயா 1920ஆம் ஆண்டு பிறந்தவள். வீட்டில் அவளை மூரா என்றழைத்தனர்.

மூராவின் பெயரைத் தாங்கிய மிகச் சிறிய கவிதையொன்றை 1920களின் முற்பகுதியில் சுகோவ்ஸ்கி எழுதினார். அதில் நிகழ்வது இவ்வளவுதான். மூராவுக்கு ஒரு கொப்பி கிடைக்கிறது. அவள் படம் வரைகிறாள். கொம்புள்ள ஆடு, அடர்ந்த மரம், தாடிக்காரர், புகைக்கூண்டுள்ள வீடு என்று ஒவ்வொன்றையும் காட்டிப் பெயர் கூறுகிறாள். அடுத்து, பத்துக் காலும் பத்துக் கொம்பும் கொண்ட விளங்காத உருவமொன்றைத் தந்தை காண்கிறார். இது யாதென்று வினவுகிறார். அது கடிக்கும் குணமுள்ள பியாக்கா-ஸகல்யாக்கா. தன் சொந்தத் தலையிலிருந்து தானே உண்டாக்கியது என்கிறாள் பிள்ளை. பின் ஏன் கொப்பியை எறிந்தாய், ஏன் வரைவதை நிறுத்தினாய் என்று தந்தை கேட்கிறார். அதற்குத் தனக்குப் பயம் என்பதே அவள் விடை. கவிதை அவ்விடத்தில் முடிந்துவிடுகிறது.

'பியாக்கா' என்பது கெட்டதையும் அருவருப்பானதையும் சுட்ட ருஷ்யக் குழந்தைகள் வழங்கும் சொல். அதனோடு ஒட்டிய அடுத்த சொல் எந்த அகராதியிலும் இருந்ததில்லை.

இக்கவிதையின் யாப்பைக் கவனித்தல் வேண்டும். தந்தையின் வினாக்கள் யாவும் ஒழுங்கான சந்தத்தில் அமைந்து, இயைபுடன் முடிகின்றன. ஆட்டையும் மரத்தையும் வீட்டையும் பெயரிடும்போது பிள்ளையின் பேச்சும் அதே ஒழுங்கிற்குக் கட்டுப்படுகிறது. தான் படைத்த பூதத்தின் பெயரைச் சொல்லும் இடத்தில் மட்டும் சந்தம் முறிகிறது, இயைபு அறுகிறது, பேச்சு வெறும் பேச்சாகவே வந்து விழுகிறது. பயத்தை ஒப்புக்கொள்ளும் கடைசி அடிக்கும் இணை இல்லை. செய்யுளியற்றுவதிற் கைதேர்ந்த ஒருவருக்கு அங்கே ஓர் இயைபைப் பொருத்துவது அரை நிமிட வேலை. அவர் பொருத்தவில்லை. தம் செய்யுளின் நடுவே மகளின் வாக்கியத்தை அவள் சொன்னபடியே விட்டுவைத்தார். இருவர் சேர்ந்து எழுதியதென்று இதனை நான் கருதுவது இக்காரணத்தாலேயே. அட்டையில் ஒரு பெயர் இருந்தாலென்ன, இரண்டு இருந்தாலென்ன, உள்ளே இரண்டு குரல்கள் தெளிவாகக் கேட்கின்றன.

இன்னொன்றும் உண்டு. சுகோவ்ஸ்கி தனித்து ஆக்கிய கதைகளில் பயங்கரம் தப்பாமல் தோற்கும். யானையையும் காளையையும் நடுங்கவைத்த மீசைக்காரக் கரப்பான்பூச்சியைச் சிட்டுக்குருவி கொத்தி விழுங்கிவிடும் (1923). ஈயைக் கட்டியிழுத்த சிலந்தியின் தலையை ஒரு சின்னஞ்சிறு கொசு வெட்டிவிடும். பிள்ளைகளைத் தின்னும் கொள்ளைக்காரன் பர்மலேய் முதலையின் வயிற்றுக்குட் போய் மீண்டு, திருந்தி, தின்பண்டம் சுடப் புறப்படுவான் (1925). மூராவின் பூதம் ஒன்றே தோற்கடிக்கப்படாதது. தந்தை வாளுடன் குறுக்கிடவில்லை. பேய் என்றொன்று இல்லை மகளே என்று விஞ்ஞானமும் பேசவில்லை. அவளே ஆக்கியது, அவளே அஞ்சினாள், கொப்பியை மீண்டும் எடுப்பதும் எடுக்காததும் அவள் பாடு. ஒரு பிள்ளையின் படைப்புரிமைக்கு இதைவிடப் பெரிய மதிப்பைப் பெற்றோர் ஒருவர் அளித்ததாக நான் வாசித்ததில்லை.

இவ்வாறு கூடிப் புனைவது அவ்வீட்டின் பழக்கமாகவே இருந்திருக்கிறது. 23 மாதப் பருவத்தில் மகள் தம்மிடம் வந்து, நாய் பூனையைப் போலக் கத்துவதாகக் குறும்புடன் அறிவித்ததையும், தாமும் சளைக்காமல் அவ்விளையாட்டிற் சேர்ந்ததையும் 'இரண்டிலிருந்து ஐந்துவரை' என்னும் நூலில் அவரே விவரிக்கிறார். 1917இல் வெளிவந்த 'முதலை' என்ற கதைப்பாட்டு, நோயுற்ற மகனை இரவு ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவருகையில், வண்டியோசையின் தாளத்திற்கேற்ப வாய்க்கு வந்தபடி தொடங்கியதென்பது அவர் தரும் நினைவு. பர்மலேயின் பிறப்பு இன்னும் வேடிக்கையானது. ஓவியர் தொபுஜின்ஸ்கியுடன் நடந்துபோன சுகோவ்ஸ்கி பெத்ரோகிராட்டில் பர்மலேயெவா என்றொரு தெருப்பெயரைக் கண்டார். அப்பெயர் எங்கிருந்து வந்ததென்று இருவரும் வழக்காடினர். அது ஒரு கொள்ளையனின் பெயரே என்று முடிவுகட்டிய ஓவியர் அவ்விடத்திலேயே அவன் உருவத்தை வரைந்து காட்டினாராம். நரைத்தவர்களும் மூராவைப்போற் கொப்பி பிடிக்கலாம் போலும்!

இனி வழக்கிற்கு வருவோம். 1928 பெப்ரவரி முதலாம் திகதி 'பிராவ்தா'வில், லெனினின் துணைவியாரும் சோவியத் கல்வித்துறையின் முன்னணியினருள் ஒருவருமான குரூப்ஸ்கயா அம்மையார் 'முதலை'யைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். முதலையின் உண்மை வாழ்வை அறியவேண்டிய பிள்ளைக்கு அர்த்தமற்ற உளறல் கிடைக்கிறது என்பதும், நெக்ராசோவை அது கேலி செய்கிறது என்பதும் அவருடைய குற்றச்சாட்டுகள். நெக்ராசோவுக்காகவே ஆண்டுக்கணக்கில் உழைத்தவரிடம் பின்னதைச் சுமத்தியது விந்தையே. மார்ச் மாதத்தில் கோர்க்கி அதே ஏட்டில் மறுப்பெழுதி, அந்நெக்ராசோவ் பதிப்பை லெனின் பாராட்டியதையும் நினைவூட்டினார். எதிர்ப்பு ஓயவில்லை. 1929இல் கிரெம்ளின் பாலர் பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோர் கூடி, 'சுகோவ்ஸ்கித்தன'த்துக்கு எதிராகப் போராடவேண்டுமென்று தீர்மானமே நிறைவேற்றினர். தீர்மானித்தவர்கள் பெற்றோர் என்பதை மறந்துவிடலாகாது.

குரூப்ஸ்கயாவை எள்ளி நகையாடுவது இன்று இலகு. நான் அதற்கு உடன்படேன். உள்நாட்டுப் போரும் 1921–22ஆம் ஆண்டுப் பஞ்சமும் இலட்சக்கணக்கான பிள்ளைகளைத் தெருவில் விட்டிருந்த நாடு அது. நரகத்தைக் காட்டிப் பணியவைத்த மதகுருவிடமிருந்தும் சவுக்கைக் காட்டிப் பணியவைத்த பண்ணையாரிடமிருந்தும் அப்போதுதான் மக்கள் விடுபட்டிருந்தனர். அச்சம் ஆளுவோரின் கருவி என்பதை நூலிற் படித்தல்ல, வாழ்விற் கண்டறிந்த தலைமுறை அம்மையாருடையது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒருவரை ஏமாற்றுவதைப் 'பேய்க்காட்டுதல்' என்கிறோம். பேயைக் காட்டுபவன் எதையோ மறைக்கிறான் என்ற பட்டறிவு அச்சொல்லுக்குள் இருக்கிறது. குரூப்ஸ்கயா எதிர்த்தது இந்தப் பேய்க்காட்டலைத்தான் என்று கொள்வோமாயின் அவருடன் எமக்குப் பிணக்கில்லை. மேலிருந்து காட்டப்படும் பேயையும், பிள்ளை தானே வரையும் பேயையும் அவர் ஒரே கணக்கில் எழுதிக்கொண்டார் என்பதே பிழை. முன்னதில் பிள்ளை பார்வையாளன். அவன் அஞ்சுவதால் வேறொருவருக்கு இலாபம். பின்னதில் பத்துக் காலா, பன்னிரண்டு காலா என்று தீர்மானிப்பதே பிள்ளைதான்.

தடை பயன்தராது என்பதற்குச் சுகோவ்ஸ்கி தம் நூலில் தரும் சான்று சுவையானது. ஸ்தான்சின்ஸ்கயா என்ற கல்வியறிஞர் தம் மகனுக்குக் கதையே காட்டாது வளர்ப்பதென உறுதிபூண்டு, அவன் வளர்ச்சியை நாட்குறிப்பாக எழுதிவந்தார். அதே நாட்குறிப்பு அவருக்கெதிராகச் சாட்சி சொல்கிறது. தன் அறைக்குச் சிவப்பு யானையொன்று வந்து குடியிருப்பதாக அப்பையன் கூறினான். அருகிலுள்ள நாற்காலியில் யாரும் அமரக்கூடாது, அதில் தன் தோழியான கரடி இருக்கிறாள் என்றான். விரிப்பு அவனுக்குக் கப்பலாயிற்று. தாய் கதவடைத்த கதையெல்லாம் சாளரத்தால் உள்ளே வந்துவிட்டது. ஒன்றுமட்டும் குறைந்தது. அந்த யானைக்கு எத்தனை தந்தம் என்று கேட்பதற்குப் பக்கத்தில் ஒருவரில்லை. அந்நாட்குறிப்பில் எனக்குத் துயரந்தரும் பகுதி இதுவே.

சுகோவ்ஸ்கியின் தற்காப்பும் முற்றிலும் ஏற்கத்தக்கதன்று. 1929இல் கிரிமியாவின் அலுப்கா நகரில், காசநோயுற்ற பிள்ளைகளுக்கு மூஞ்சௌசன் பிரபுவின் பொய்க்கதைகளை அவர் வாசித்துச் சிரிக்கவைத்தபோது, இவர்களுக்குத் தேவை இயந்திரங்களைப் பற்றிய நூல்களே என்று ஆட்சேபம் எழுந்தது. கற்பனை இல்லையேல் இயந்திரமும் இல்லை, புதியது காணும் விஞ்ஞானிக்கும் அது வேண்டும் என்று அவர் வாதாடினார். பிள்ளை வளர்ந்ததும் கதையைத் தானே கழற்றிவிடும் என்றும் ஆறுதல் கூறினார். வாதம் கூர்மையானதுதான், ஆனால் எதிரியின் தராசையே கையிலெடுத்துக்கொண்ட வாதம் அது. மூரா தன் பூதத்தை வரைந்தது பின்னாளிற் பொறியியலாளராவதற்கன்று. தன்னுள் இருந்த, பெயரற்ற ஒன்றை வெளியே வைத்துப் பார்ப்பதற்கு அவளுக்கு ஒரு தாள் தேவைப்பட்டது. பக்கத்தில் நின்று கேட்பதற்கு ஒருவர் தேவைப்பட்டார்.

குறைகள் வேறும் உள. பர்மலேய் வாழும் இடம் ஆபிரிக்கா. அக்கண்டம் முழுவதும் முதலையும் மனிதக் குரங்கும் சுறாவும் நிறைந்த பயங்கர நிலமென்று அக்கதைப்பாட்டு பிள்ளைகளை எச்சரிக்கிறது. வேட்டைக்காரரும் வெள்ளைத் துரைமாரும் எழுதிவைத்த ஆபிரிக்கா இது. குடியேற்ற ஆட்சியிற் கிடந்த நாட்டவராகிய நாம் இதனைச் சிரித்துவிட்டுக் கடத்தல் இயலாது. தெருப்பெயரிலிருந்து ஒரு கொள்ளையனை உண்டாக்கிய கற்பனை, அவனுக்கு வீடு தேடும்போது பழைய வழியிலே போய்விட்டது. மூராவின் பூதத்துக்கு இந்த இழுக்கு இல்லை. அது எந்த நாட்டவர்மீதும் பழி சுமத்துவதில்லை. 1942இல், போர்க்காலத்தில், அதே பர்மலேயைப் பாசிசப் பகைவனாக்கி எழுதிய 'பர்மலேயை வெல்வோம்' இன்னும் தாழ்ந்தது. நோக்கம் எமக்கு உவப்பானதே. ஆனால் அதில் எந்தப் பிள்ளையின் குரலையும் நான் கேட்கவில்லை; பெரியவர்களின் கோபம் செய்யுளாகி நிற்கிறது.

1929ஆம் ஆண்டு இறுதியில், தாக்குதல் தாங்காது, தம் கதைகள் புதிய சமுதாயத்துக்கு உதவாதவை என்று சுகோவ்ஸ்கி பத்திரிகையில் அறிவித்தார். 'மகிழ்ச்சியான கூட்டுப்பண்ணை' என்றொரு நூல் எழுதுவதாகவும் வாக்களித்தார். அந்நூல் எழுதப்படவேயில்லை. அக்குளிர்காலத்தில் மூரா நோயிற் படுத்தாள். எலும்புக்குட் பரவிய காசநோய். அவளையும் அதே அலுப்காவுக்கே கொண்டுசென்றனர். 1931 நவம்பரில், 11 வயதில், அவள் இறந்தாள். சுகோவ்ஸ்கி மறைந்து பல ஆண்டுகளின் பின், 1990களில் அச்சேறிய அவருடைய நாட்குறிப்பில் அந்நாளுக்குரிய பக்கம் இருக்கிறது. தான் கண்ட கனவொன்றை அவள் தமக்குச் சொல்லத் தொடங்கியதையும், சொல்லி முடிக்காமலே போய்விட்டதையும் அங்கு அவர் குறித்திருக்கிறார்.

தமிழில் மொழிபெயர்ப்போருக்கு ஒரு வேண்டுகோள். சோவியத் சிறுவர் நூல்கள் பல மொஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி எம்மை வந்தடைந்த காலம் ஒன்றிருந்தது. அவற்றைக் கையில் வைத்துப் படித்த மூத்த ஆசிரியர்கள் இன்றும் உளர். மூராவின் கவிதையை யாரேனும் தமிழில் ஆக்க முனைவராயின், தந்தையின் வினாக்களுக்கு எதுகையும் மோனையும் தாராளமாக வைக்கட்டும். பூதத்தின் பெயர் வரும் அடியையும் கடைசி அடியையும் திருத்த வேண்டாம். பெயரைத் தாமாக இடுவதிலும் பார்க்க, நான்கு வயதுப் பிள்ளையொன்றிடம் படத்தைக் காட்டிக் கேட்பது நன்று. பூச்சாண்டி என்று போட்டுவிட்டால் அது எம் எல்லோருக்கும் பழகிய பேயாகிவிடும், மூராவினுடையது புதிது.