சிறிய அறை, மறைந்த கதவு

பார்சிலோனாவின் ராம்ப்லா சாலையிலிருந்து தாயேர்ஸ் தெரு பிரியும் முனையில் முக்கோண வடிவில் ஓர் அறை இருக்கிறது. போவாதாஸ் என்ற மதுக்கூடம். இருபது பேர் நுழைந்தால் தோள்கள் உரசும். மேடைக்குப் பின்னால் நிற்பவர் ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, இடுப்பருகே தாழ்த்திய மறு கையிலுள்ள குவளைக்கு மதுவை ஆற்றுகிறார். ஆம், ஆற்றுகிறார்; அந்தச் செயலுக்கு நம்மிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. மேல் குவளையின் வாயை வடிகட்டி மறித்திருப்பதால் ஐஸ் உள்ளேயே தங்கிவிட, ஜின்னும் வெர்மூத்தும் மட்டும் மெல்லிய கயிறாக இறங்குகின்றன. நான்கைந்து முறை. குலுக்கியிருந்தால் ஐஸ் நொறுங்கிப் பானம் கலங்கியிருக்கும். கரண்டியால் கிளறியிருந்தால் தெளிவு கிடைக்கும், ஆனால் காற்று சேராது. ஆற்றிய மார்ட்டினியில் குளிர்ச்சியோடு காற்றும் கலந்திருக்கிறது. முதல் மிடறிலேயே வெர்மூத்தின் மூலிகை வாசம் மூக்குக்கு ஏறுகிறது.

மிகேல் போவாதாஸ் ஹவானாவில் பிறந்தவர். அங்கே ப்ளோரிதீத்தா மதுக்கூடத்தில் கை பழகி, பெற்றோரின் மண்ணான கத்தலோனியாவுக்கு வந்து 1933-இல் இந்த அறையைத் திறந்தார். கதவு தெருவைப் பார்த்திருக்கிறது. தள்ளினால் திறக்கும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இன்று ஐரோப்பிய நகரங்களில் சிறு காக்டெய்ல் மதுக்கூடம் என்றாலே வேறொரு காட்சிதான் மனத்தில் எழுகிறது: பெயர்ப்பலகை இல்லாத கதவு, ஓர் அழைப்புமணி, கீழே இறங்கும் படிகள், மங்கிய விளக்கு. சிறிதாக இருப்பதும் மறைந்திருப்பதும் ஒரே குணம் என்பதுபோல இரண்டையும் சேர்த்தே புகழ்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறிதாக இருப்பது தொழிலின் தேவை. மறைந்திருப்பது பெரும்பாலும் கடன் வாங்கிய வேஷம்.

முதலில் சிறிதாக இருப்பதைப் பார்ப்போம். கிளறிச் செய்த ஒரு காக்டெய்லில் ஏறக்குறைய கால் பங்கு ஐஸ் உருகிய தண்ணீர். அந்தத் தண்ணீரும் பானத்தின் ஒரு பொருள்தான். பத்து விநாடி குறைந்தால் மது சுடும், பத்து விநாடி கூடினால் சப்பென்று போகும். ஐஸ் கட்டி பெரிதா, ஈரமாக இருக்கிறதா, கிண்ணம் குளிர்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்து அந்தக் கணக்கு மாறும். அதனால்தான் நல்ல கலைஞர் ஒவ்வொரு பானத்திலும் உறிஞ்சுகுழலை நுழைத்து, மேல் முனையை விரலால் அடைத்து, ஒரு சொட்டை எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுகிறார். நூறு பேர் காத்திருக்கும் கூடத்தில் இது நடக்காது. பெர்லினில் 2010-இல் பக் அண்ட் பிரெக் மதுக்கூடம் தொடங்கியபோது ஒரே மேசையைச் சுற்றி 14 இருக்கைகள்தான் போட்டார்கள். அந்த எண்ணிக்கையைக் கர்வம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு கைகளால் எத்தனை பேரைக் கவனிக்க முடியும் என்ற நேர்மையான கணக்கு அது.

சிறிய அறையை நெருக்கடியாக்காமல் இருப்பதும் ஒரு கலை. வியன்னாவில் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ் 1908-இல் வடிவமைத்த அமெரிக்கன் பார் சுமார் 27 சதுர மீட்டர்தான். மஹோகனிப் பலகைகள் தலைக்கு மேல்வரை போகின்றன, கண்ணாடிகள் அதற்கும் மேலேதான் தொடங்குகின்றன. உட்கார்ந்திருப்பவருக்குத் தன் முகம் தெரியாது. பளிங்குக் கூரையின் கட்டங்கள் மட்டும் சுவரைத் தாண்டி நீண்டுகொண்டே போவதாகத் தோன்றும். உள்ளே இத்தனை அடக்கம். வெளியிலோ வண்ணக் கண்ணாடியில் அமெரிக்கக் கொடி, தெருவில் போகிற எல்லோரையும் கூப்பிடுகிறது. சிறிய இடம் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதை லோஸ் நூறாண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். ஆனால் தொடக்க காலத்தில் அங்கே பெண்களுக்கு அனுமதி இல்லை. இடம் சுருங்கும்போது யாரை உள்ளே விடுவது என்ற கேள்வி கூடவே வருகிறது. அதற்குச் சொல்லும் பதிலில்தான் ஒரு மதுக்கூடத்தின் குணம் தெரியும்.

மறைந்த கதவுக்கு வருவோம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. கள்ளத்தனமாகக் குடித்தவர்களுக்குக் கதவை மறைக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் பெரும்பாலான நகரங்களுக்கு அந்த அனுபவமே இல்லை. ஹாரி க்ராடக் போன்ற காக்டெய்ல் கலைஞர்கள் அமெரிக்காவை விட்டு லண்டன் சவோய் ஹோட்டலுக்கு வந்ததே இங்கே வெளிச்சத்தில் தொழில் செய்யலாம் என்பதால்தான். திறந்த கதவைத் தேடி வந்த கலைக்கு இன்று மூடிய கதவை மாட்டுகிறோம்.

இன்றைய பாணிக்கு வித்திட்டவர் சாஷா பெட்ராஸ்க்கி. 1999-இன் கடைசி இரவில் நியூயார்க்கில் மில்க் அண்ட் ஹனி மதுக்கூடத்தைத் திறந்தார். 2002-இல் அதே பெயரில் லண்டனிலும் ஒன்று வந்தது. அவர் பலகை வைக்காததற்குக் காரணம் உண்டு. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் தூக்கம் கெடக்கூடாது. கூச்சல் கூடாது, ஆண்கள் தாமாகப் போய்ப் பெண்களிடம் அறிமுகம் செய்துகொள்ளக் கூடாது என்ற விதிகளும் அதே அக்கறையில் பிறந்தவைதான். தனியாக வந்த பெண் நிம்மதியாக ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போக முடிந்தது. இந்த அடக்கத்தை மனமாரப் பாராட்டுகிறேன். பின்னால் வந்தவர்கள் பலர் அக்கறையை விட்டுவிட்டு மணியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வடக்கே ஒரு நகரத்தில் அப்படியொரு மணியை அடித்துவிட்டு நின்றேன். கதவு ஒரு சாண் திறந்தது. ஓர் இளைஞர் என் மழைச்சட்டையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், இடமில்லை என்றார். அவர் தோளுக்குப் பின்னால் மூன்று ஸ்டூல்கள் காலியாக இருந்தன. சற்று நேரத்தில் வந்த ஒரு ஜோடியை அதே கதவு உள்ளே வாங்கிக்கொண்டது. முன்பதிவு செய்தவர்களாக இருக்கலாம். அப்படியென்றால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாமே. காரணம் சொல்லாத மறுப்பு நெடுநாள் உறுத்தும்.

உள்ளே போனாலும் இன்னொரு மூடிய கதவு. பட்டியல் இருக்காது. 'என்ன மாதிரி பிடிக்கும், சொல்லுங்கள்' என்பார்கள். பழகியவருக்கு இது சுகமான உரையாடல். புளிப்பு, கசப்பு என்று இரண்டு வார்த்தை சொன்னால், தனக்கே தெரியாத விருப்பம் ஒன்று கிண்ணத்தில் வந்து நிற்கும். எனக்கே அப்படி வாய்த்திருக்கிறது. முதல்முறை வருபவருக்கோ விலை தெரியாது, கேட்கவும் கூச்சம். எட்டு வரியில் ஒரு சிறிய அட்டை, ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை. இதை வைத்தால் எந்தக் கலையும் குறைந்துவிடாது.

இடம் குறைவு, முன்பதிவு இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று உரிமையாளர்கள் கேட்கலாம். போவாதாஸில் அன்று மாலை நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்டூல்கள் நிறைந்திருந்தன. காய்கறிப் பையோடு இரண்டு மூதாட்டிகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தாமல் கண்ணாலேயே வரவேற்றார். சுவரோரம் நின்றபடியே ஆளுக்கொரு கிண்ணம், கால் மணி நேரப் பேச்சு, பணத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் நின்றிருந்த இடத்தில் அடுத்து வந்தவர் போய் நின்றார்.