அகத்தியர் மலையில எங்க கரமனையாறு!

அகத்தியர்கூடம் மலைக்குப் போயிருக்கீங்களா? போகலேன்னா இந்தப் பனிக்காலத்துலயே கிளம்பிடுங்க, சொல்லிட்டேன்! வனத்துறை ஆளை விடுறதே வருஷத்துல ஜனவரி, பிப்ரவரிப் பக்கம் கொஞ்ச நாள்தான்.

போனகாடு வரைக்கும் வண்டி போகும். அப்புறம் அதிருமலை முகாமுக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் காட்டு நடை. பாதி வழியில ஒரு ஓடை, பாறை இடுக்குல பளிங்குத் தண்ணி, கால் வச்சா எலும்பு வரைக்கும் ஜில்லுங்குது. வழிகாட்டி சேட்டன் சாதாரணமா, "இதாக்கும் கரமனையாறு"ங்கறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது! திருவனந்தபுரத்துல எங்க வீட்டுக்குப் பின்னால, கரமனைப் பாலத்துக்கு அடியில, அத்தனை அகலமா ஓடுற ஆறு இங்க ஒரே தாவுல தாண்டற ஓடையா! ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிக் குடிச்சேன், முகத்துல அடிச்சுக்கிட்டேன், வெக்கமே இல்லாம அந்தப் பாறையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டேன். கூட வந்தவங்க சிரிச்சாங்க, சிரிக்கட்டுமே!

அட்டையா? ரெண்டு ஒட்டும், அதை விடுங்க. ராத்திரி முகாமுல சுடச்சுடக் கஞ்சியும் பயறும், வெளியில கூரையைப் பிய்க்கிற காத்து, கம்பளிக்குள்ள பல்லு கிடுகிடுங்குது, தூக்கம் எங்க வருது, எப்ப விடியும்னுதான் மனசு பறக்குது.

விடிஞ்சதும் உச்சிக்கு. நினைச்சுப் பாருங்க, 1868 மீட்டர், கடைசியில மொட்டைப் பாறை, கயித்தைப் பிடிச்சுத் தொங்கித் தொங்கி ஏறணும், கை நடுங்குது, மஞ்சு வந்து மூடுது, முன்னால போறவர் முதுகுகூடத் தெரியல, ஏறி நின்னா திடீர்னு ஒரு காத்து, திரை விலகின மாதிரி எல்லாம் திறக்குது! இந்தப் பக்கம் பேப்பாறை, நெய்யாறு அணைத் தண்ணி மின்னுது, அந்தப் பக்கம் பொதிகைச் சரிவு, தாமிரபரணி பிறந்து திருநெல்வேலிக்கு இறங்கற காடு, நடுவுல அகத்தியர் சிலையா உட்கார்ந்திருக்கார், பக்கத்துல நான், கண்ணு நிறைஞ்சு வழியுது! நம்ம திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்துல இருந்த ஜான் ஆலன் புரூன், 1855ல இந்த மலை மேலயே ஒரு ஆய்வுக்கூடம் கட்டினாராம். வெறுங்கையோட ஏறவே எனக்கு மூச்சு வாங்குதே, கருவியெல்லாம் எப்படித்தான் ஏத்தினாங்களோ, மகா மனுஷங்க!

சேட்டன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார், எனக்கு இறங்க மனசே வரல. அடுத்த தடவை பாஸ் கொடுக்க ஆரம்பிச்ச நிமிஷமே பதிவு பண்ணப் போறேன். வர்றீங்களா?