யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்: ஆளுமைகளும் அமைப்பும்

ஈழத்துத் திறனாய்வைப் பயில்வோர்க்குக் க. கைலாசபதியும் சு. வித்தியானந்தனும் நன்கு அறிமுகமானவர்கள். யாழ்ப்பாணத்தில் உயர்கல்வி நிறுவனம் ஒன்றை இவ்விருவரும் நெறிப்படுத்தினர் என்பதோ அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகளில் புகழுரையாகவே நின்றுவிடுகிறது. அப்பணியும் திறனாய்வுக்குரியதே.

1972ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையின் பல்கலைக்கழகங்களை ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கியது. யாழ்ப்பாண வளாகம் 1974இல் கைலாசபதியின் தலைமையில் தொடங்கியது. மனிதப் பண்பியல் பீடத்திற்குத் திருநெல்வேலியில் (தாமிரபரணிக் கரையில் உள்ளதன்று, யாழ்ப்பாணத்து ஊர்) சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இடமாயிற்று. அறிவியல் பீடம் வட்டுக்கோட்டையில், அமெரிக்க மிஷன் மரபில் வந்த யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவில் அமைந்தது. ஆக, சைவக் கல்வி மரபும் மிஷன் கல்வி மரபும் எழுப்பிய கட்டடங்களில் ஒரு மார்க்சியத் திறனாய்வாளர் தலைமை ஏற்றார். புதிய வளாகம் வெற்றிடத்தில் எழவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1978இல் மருத்துவ பீடம் தோன்றியது. 1979 சனவரியில் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது; வித்தியானந்தன் துணைவேந்தரானார். இங்கேதான் முரண் கூர்மையடைகிறது. 1960களில் பேராதனை மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகிய கூத்துகளை மேடையேற்றி, நாட்டார் கலைக்குக் கல்வியுலக மதிப்பை ஈட்டித் தந்தவர் அவர். எனினும் மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கழகம் 1975இலேயே வளாகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. கருநாடக இசைக்குக் கட்டடமும் ஆசிரியரும் பாடத்திட்டமும் ஆயத்தமாக இருந்தன. கூத்துக்கு அண்ணாவிமாரும் கிராமத்துக் களரியும் இருந்தன. இவற்றை அப்படியே ஒரு துறையாக மாற்றிவிட இயலாது. கூத்து பல்கலைக்கழகத்திற்குள் நுழையவே இல்லை என்று கூறுதல் மிகை. ஆனால் இசைக்கு வாய்த்ததற்கு நிகரான தனிக் கழகம் அதற்கு அங்கு வாய்க்கவில்லை. இதை வித்தியானந்தனின் ஆர்வக் குறைவாகக் கொள்ளுதல் பொருந்தாது. நிறுவனமாக முன்பே உருப்பெற்ற கலை எளிதில் துறையாகிறது. உருப்பெறாத கலை ஆளுமைகளின் ஊக்கத்தையே நம்பியிருக்கிறது. நினைவு மலர்கள் ஆளுமைகளை மட்டும் போற்றும்பொழுது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

போருக்குப்பின் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் எழுந்தது. அதற்கு இத்தகைய பழைய கல்லூரிச் சுவர் எதுவும் இல்லை. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக அமைந்த வவுனியா, 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. தாயகமே ஒருகாலத்தில் வளாகமாக இருந்து பிரிந்ததுதான். வன்னியின் கலைகளுள் எவை அப்புதிய பல்கலைக்கழகத்தில் துறையாகும் என்பதை ஆராய்வோர், துணைவேந்தர்களின் உரைகளைவிடப் பாடத்திட்டங்களையும் ஆசிரியர் நியமனங்களையும் முதலில் நோக்குதல் பயன் தரும்.