தகரம் பேசும் உடுப்பு

ஓஜிப்வே மக்களின் ஜிங்கிள் உடையைக் காதால்தான் ரசிக்க வேண்டும். வட அமெரிக்கப் பேரேரிகளை ஒட்டி வாழும் இந்தப் பழங்குடியினர், 1918-இல் பரவிய ஃப்ளூ கொள்ளைநோயின்போது, நோயைக் குணமாக்கும் ஆட்டத்துக்காக இது பிறந்தது என்கிறார்கள். உடை முழுக்க வரிசை வரிசையாகத் தகரக் கூம்புகள். அன்று புகையிலை டப்பா மூடியை வெட்டிச் சுருட்டினார்கள். இன்று கூம்பு கடையிலேயே கிடைக்கிறது.

கைப்பழக்கம் மட்டும் கடையில் கிடைக்காது. அதைப் பாட்டியிடமோ அத்தையிடமோ உட்கார்ந்துதான் இளம்பெண்கள் கற்க வேண்டும். நாடாத் துண்டை மடித்துக் கூம்பின் கூர்முனையில் நுழைத்து, குறடால் ஓர் அழுத்து. பிடி தளர்ந்தால் ஆட்டத்தின் நடுவே கழன்று விழும். பிறகு இடைவெளி: நெருக்கித் தைத்தால் ஓசை அமுங்கிவிடும்; தள்ளித் தைத்தால் ஒன்றோடொன்று மோதாது. சரியாக அமைந்தால் ஓட்டுக்கூரையில் மழை பெய்கிற சத்தம்.

பழங்குடி ஆட்டங்களைக் கட்டுப்படுத்த 1921-இல் அமெரிக்க அரசு சுற்றறிக்கையே விட்டது. அதையும் மீறி இந்த உடை பிழைத்தது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருந்தால் இது ஊமை. வளரும் பெண் அணிந்து ஆடினாலோ, அளவு மாற மாற அடிக்கடி பிரித்துத் தைக்க வேண்டிவரும். கலை கையில் படிவது அப்படித்தான்.