மேலட்டைப் பெண்ணும் மகதலேனா மரியாளும்

பேருந்து நிலையக் கடைகளில் வரிசையாகத் தொங்கிய மாத நாவல்களைப் பிரசங்க பீடங்கள் ஒரு காலத்தில் கடுமையாகக் கண்டித்தன. 1969-இல் தோன்றிய ‘ராணிமுத்து’, அதன்பின் ‘மாலைமதி’, 1980-களில் பெருகிய ‘பாக்கெட் நாவல்’, ‘க்ரைம் நாவல்’ ஆகியவற்றின் அட்டைகள் ஆபாசமானவை என்பதே குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு. ஆயினும் ஆடையின் அளவைக் கொண்டு மட்டும் இவற்றை நிறுத்தல் போதாது என்று கருதுகிறோம்.

ஓவியர் மாருதியின் அகன்ற விழிப் பெண்கள் முழுமையாக உடுத்தியவர்களே. ஜெயராஜின் நவநாகரிகப் பெண்களோ வசைக்கு ஆளானவர்கள். எனினும், சுஜாதாவின் கதைகளுக்கு அவர் வரைந்தவற்றில் பெண் நிமிர்ந்து நிற்கிறாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். குறை வேறிடத்தில் உள்ளது. பட்டுக்கோட்டை பிரபாகரின் கதைகளில் சுசீலா பரத்தோடு சேர்ந்து துப்பறிகிறாள். (அவள் பனியனில் எழுதப்பட்ட வாசகங்கள் ஆண் வாசகனுக்கான வேடிக்கை என்பது வேறு.) துப்பறியும் நாவல்களின் அட்டைப் பெண்ணோ பெரும்பாலும் அலறுகிறாள், அல்லது அழைக்கிறாள், பல வேளைகளில் கதைக்குச் சற்றும் தொடர்பில்லாத நடிகையின் நிழற்படமே அங்கு நிற்கும். அவள் கண் வாங்குபவனை நோக்கியிருக்கும். கையில் வேலை இராது.

அருப்புக்கோட்டைத் தறித் தெருக்களில் நூல் சுற்றும் பெண்ணுக்கும், திருச்சுழிப் பக்கம் கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டும் பெண்ணுக்கும் அந்த அட்டையில் இடமிருந்ததில்லை. அவர்களுள் எழுத்தறிந்தோர் ரமணிசந்திரனை விரும்பிப் படித்தவர்கள் என்பதை அறிவோம்.

உள்ளடக்கத்தோடு பொருந்தாத இத்தகைய அட்டையைத் திருச்சபையும் ஒட்டியிருக்கிறது. மகதலேனா மரியாள் பிணி நீங்கப் பெற்றவள். தன் பொருளால் ஆண்டவருக்கு ஊழியம் செய்தவர்களுள் ஒருத்தி என்றே லூக்கா 8 கூறுகிறது. யோவான் 20-இல் உயிர்த்தெழுதலின் செய்தியை முதலில் எடுத்துச் செல்பவளும் அவளே. 591-இல் போப் கிரெகோரி தம் அருளுரையில் லூக்கா 7-இன் பெயரற்ற பாவியான பெண்ணை அவளோடு ஒன்றாக்கினார். மேலைநாட்டு ஓவியர்கள் அவிழ்ந்த கூந்தலும் நழுவிய ஆடையுமாக அவளைத் தீட்டினர். உரோமைத் திருச்சபை 1969-இல் தன் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது அவ்விணைப்பைக் கைவிட்டது. நம் வறண்ட வட்டாரத்துச் சபைகளிலோ, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று விடியற்கால ஆராதனைக்கு முதலில் வந்து நிற்கும் பெண்களுக்கு, மனந்திரும்பிய வேசியாகவே மரியாள் இன்றும் அறிமுகப்படுத்தப்படுகிறாள்.